நீலத்தில் குறித்திருக்க வேண்டிய கோப்பு

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த எங்கள் வக்கீல் அலுவலகத்தை லிப்ட் வைத்த கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். பழைய கோப்புகளில் எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று அங்கே இப்போது இருக்கிற யாருக்கும் தெரியவில்லை. ஓய்வுபெற்று ஆறு வருடமான என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிடாமல் என்ன செய்வார்கள்? பட்டம் வாங்கியவர்கள் ஒன்பது பேர் இருக்கலாம். எந்த அலமாரியில் எந்த வழக்கு கிடக்கிறது என்பது இந்த மாரிமுத்துவின் தலைக்குள்தான் இருக்கிறது. நான் படித்தது தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு.

இரண்டாம் நாள் மத்தியானம் பிரேமா என்ற இளம் வக்கீல் ஒரு கோப்பைத் தூக்கிக் காட்டினாள்.

"அங்கிள், எல்லா பைல்லயும் மூலையில சிவப்புக் கோடு, இல்லாட்டி நீலக் கோடு இருக்கு. இது மட்டும் ரெண்டும் கலந்து கத்திரிக்காய் மாதிரி இருக்கே?"

"இப்படிக் குடும்மா."

"அழிக்கிற பெட்டியா, வைக்கிற பெட்டியா?"

"அப்புறம் சொல்றேன்."

அன்று முழுவதும் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு மற்ற கோப்புகளைப் பிரித்தேன். சாயந்திரம் அவளே, "அங்கிள், சொல்ல மாட்டேங்கறீங்கன்னா எழுதியாவது குடுங்க. ஆபீஸ் மலர்ல போட்டுடலாம்" என்றாள். அதனால் எழுதுகிறேன். என் சாதனைகளும் இதில் வரும். வராமல் இருக்காது.

என் அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில்தான் பிறந்தேன். பதினேழு வயதில் இந்த அலுவலகத்துக்குப் பெருக்கித் துடைக்க வந்தேன். பிறகு தபால்தலை ஒட்டினேன், பிறகு நீதிமன்றத்துக்குக் காகிதம் தூக்கினேன், இரண்டு விரலால் டைப் அடிக்கக் கற்றேன். பதினைந்தாவது வருடம் தலைமைக் குமாஸ்தா. இதற்கு நடுவில் நடந்ததையெல்லாம் சொன்னால் மலர் முழுக்க என் பெயர்தான் இருக்கும்.

எங்கள் முதலாளி கதிரவேலு சார். அவர் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். சார் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆனால் அவர் மெதுவாகப் பேசும்போதுதான் எங்கே தப்புச் செய்தேன் என்று தேட ஆரம்பிப்பேன். கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் என்ன நடந்தது என்று அவர் கேட்கமாட்டார். அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "யார் செய்தது?"

வந்தவர் கால் மணி நேரம் தன் கஷ்டத்தைச் சொல்வார். சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, யார் செய்தது?" என்று மறுபடி ஆரம்பிப்பார். பதில் வந்த பிறகுதான் பென்சிலை எடுப்பார். ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலம் என்று அந்தக் காலத்தில் விற்ற தடித்த பென்சில். செய்தது அரசாங்கம் என்றால், மாநிலமோ மத்தியோ, கோப்பின் மூலையில் சிவப்புக் கோடு. தனி ஆளோ கம்பெனியோ என்றால் நீலம். சிவப்புக் கோடு போட்ட நாளில் அலமாரியிலிருந்து அரசியல் சாசனப் புத்தகத்தை இறக்கச் சொல்வார்.

இதையெல்லாம் பக்கத்தில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இந்தக் கணக்கு பின்னால்தான் தெரிந்தது; அப்போது நானாக ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டேன். சிவப்பு என்றால் பெரிய கேஸ், நீலம் என்றால் சில்லறைக் கேஸ். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே. கேட்காமலே எல்லாம் கற்றவன் நான் என்பது அப்போது என் பெருமை.

என் பெயர் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தெரிந்தது சின்னத்தம்பி கேஸில். மாநில வடிகால் இலாகாவில் நிரந்தர வேலை பார்த்தவர். வேலை நேரத்தில் குடித்திருந்தார் என்று அவருக்கு ஒரு கடிதம் வந்தது. பதினான்கு நாளுக்குள் விளக்கம் கொடு என்று அதில் இருந்தது. பதின்மூன்றாம் நாள் அவர் விளக்கம் கொடுத்தார். பதினைந்தாம் நாள் தேதியிட்டு இன்னொரு கடிதம்: உன் விளக்கத்தைப் பரிசீலித்தோம், வேலை இல்லை.

"குடிச்சீரோ?" என்று சார் நேராகக் கேட்டார்.

"இருமல் மருந்துதாங்கையா."

"எத்தனை போத்தல்?"

சின்னத்தம்பி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

சார் இரண்டு கடிதத்தையும் நாலு தடவை படித்தார். தேதி சரியாக இருந்தது, முத்திரை சரியாக இருந்தது. அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அப்போதுதான் நான் சின்னத்தம்பியின் பிளாஸ்டிக் பையிலிருந்து கடித உறையை எடுத்தேன். படித்தவர்கள் கடிதத்தைப் படிப்பார்கள். பத்து வருடம் தபால்தலை ஒட்டியவன் உறையைத்தான் பார்ப்பான். உள்ளே இருந்த கடிதத்தில் பதினைந்தாம் நாள் தேதி. உறைமேல் அஞ்சலக முத்திரை பன்னிரண்டாம் நாள்! மனிதர் விளக்கம் எழுதுவதற்கு முன்பே பரிசீலித்து முடித்துத் தபாலிலும் போட்டுவிட்டார்கள்.

சார் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மாரிமுத்து, இதைத் தொடாதேயும். ஒரு கண்ணாடித் தாளுக்குள்ள வையும்" என்றார். அதுதான் அவர் வாயிலிருந்து வந்த பாராட்டு.

அரசாங்க வேலைக்காரனை, அவன் பக்கத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுக்காமல் நீக்கக் கூடாது என்று சாசனத்தின் நூற்று முப்பத்தைந்தாம் பிரிவில் இருக்கிறது. மாநிலத்தின் சட்ட அதிகாரி எழுந்து, இந்த ஆள் குடித்தது உண்மை என்று அரைமணி நேரம் பேசினார். சார் எழுந்து அந்த உறையை மட்டும் நீட்டினார். நீக்கியது செல்லாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். சின்னத்தம்பி பழைய வேலைக்கே, பழைய மண்வெட்டிக்கே திரும்பினார். இருமலும் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நான் தெருவில் நடந்தால் சாப்பாட்டுக் கடைக்காரர் எழுந்து, "வாங்க லாயர்" என்பார். குமாஸ்தா என்று நான் திருத்தவில்லை. சாசனப் புத்தகத்தில் எனக்கென்று ஒரு பிரதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் எட்டாம் பிரிவை மனப்பாடம் செய்தேன். சட்டத்தின் முன் எல்லாரும் சமம், மதத்தாலோ இனத்தாலோ பாகுபாடு கூடாது. தண்டவாளம் பார்த்தவன் மகனுக்கு அதைப் படிக்கும்போது நெஞ்சு நிமிர்ந்தது. இப்போதும் நிமிர்கிறது.

தனலெட்சுமி வந்தது அந்தச் சமயத்தில். எழுபதுகளின் நடுவில். கிள்ளானிலிருந்து கணவனோடு பஸ் ஏறி வந்திருந்தாள். கணவன் லோரியிலிருந்து விழுந்து இடுப்பு அடிபட்டவன். ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார முடிந்தது. வீட்டில் அவள் ஒருத்தி சம்பாத்தியம். மின்னணுத் தொழிற்சாலையில் ஆறு வருடமாக வேலை. புதிதாக ஒரு பகுதி திறந்து, தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்புப் போட்டு உள்ளே வரச் சொல்லியிருக்கிறார்கள். உடம்பில் உலோகம் இருக்கக் கூடாதாம். தாலியைக் கழற்று என்றாள் மேற்பார்வை பார்த்தவள். இவள் மாட்டேன் என்றாள். மூன்றாம் நாள் வேலை போய்விட்டது.

"மோதிரம் போட்டவங்க இருக்காங்கண்ணே. கல்யாண மோதிரம். மேல டேப் சுத்திட்டு உள்ள போறாங்க. அவங்கள ஒண்ணும் கேக்கல. என்னைய மட்டும் கழுத்தக் காட்டுன்னாங்க."

எனக்கு உள்ளங்கை அரித்தது. மோதிரத்துக்கு ஒரு நியாயம், தாலிக்கு ஒரு நியாயமா? எட்டாம் பிரிவுக்கென்றே செய்துவைத்த கேஸ்.

"நான் கெஞ்சிக்கூடப் பாத்தேண்ணே. தங்கம்தான ஆவாது, நான் வேணா..."

"இரும்மா, இரு. கெஞ்சறதெல்லாம் இனிமே அவங்க வேலை" என்றேன். சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். "இது என்ன தெரியுமா? இந்த நாட்டுல இதுக்கு மேல ஒரு சட்டம் கிடையாது. ஒரு கடுதாசி. அவ்வளவுதான்லா."

அவள் கணவன் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் கும்பிடவில்லை. "வேலை திரும்பக் கெடைக்குமாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"கிடைச்ச மாதிரி நினைச்சுக்க."

அவள் வேலை போய் அன்றைக்குப் பத்தாம் நாள். கதிரவேலு சார் ஒரு நீண்ட விசாரணைக்காகப் பினாங்கு போயிருந்தார். வரப் பல வாரம் ஆகும். காத்திருந்திருக்கலாம், போன் போட்டிருக்கலாம். நான் கோப்பைத் திறந்தேன். சாரின் பென்சிலை எடுத்து நானே மூலையில் சிவப்புக் கோடு போட்டேன். பெரிய கேஸ் அல்லவா! செய்தது கம்பெனிதானே என்று மனதில் சின்னதாக ஒரு கேள்வி வந்தது, அதற்கும் பதில் வைத்திருந்தேன். அந்தத் தொழிற்பேட்டையின் வாசலில் மாநில அரசின் சின்னத்தோடு பெரிய பலகை இருப்பதைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். மாநிலம் கொடுத்த நிலம், மாநிலத்தின் பலகை. அப்புறம் என்ன?

கடிதத்தை நானே எழுதினேன். நான் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட அலுவலகத்தில் ஒரு இளம் வக்கீல் இருந்தார். சாசனம், எட்டாம் பிரிவு, பாகுபாடு, உடனே வேலை கொடு, இல்லாவிட்டால் நீதிமன்றம். இரண்டு வாரம் பதில் இல்லை. இன்னும் காரமாக ஒன்று எழுதினேன். ஒரு வரியில் பதில் வந்தது: இந்த விஷயம் முடிந்துவிட்டது. கம்பெனிக்காரன் பயந்துவிட்டான் என்று நினைத்தேன்.

சார் திரும்பி வந்தது, அவள் வேலை போய் நாற்பத்தோராம் நாள். மேசைமேல் கோப்புகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் அதில் நின்றார்.

"சிவப்பு. யார் செய்தது?"

"தொழிற்சாலை சார்."

"தொழிற்சாலை யாருடையது?"

"வெளிநாட்டுக் கம்பெனி. ஆனா நிலம் மாநிலத்தோடது சார். வாசல்ல பலகை இருக்கு."

"பலகையோ இந்தப் பிள்ளையை வேலையிலிருந்து நிப்பாட்டினது?"

நான் பென்சிலை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"ஐசே, இந்தப் புத்தகம் அரசாங்கத்தைப் பார்த்து எழுதினது. மாநிலத்தின்ர கையைப் பிடிக்கும், இலாகாவின்ர கையைப் பிடிக்கும். முதலாளியின்ர கையை இது பிடிக்காது. அவனுக்கு வேற சட்டம், வேற கதவு. தொழில் உறவு இலாகாவில ஒரு மனு." கடிதத்தைத் திருப்பினார். "வேலை போன தேதி என்ன?"

சொன்னேன். சார் சுவரில் இருந்த நாட்காட்டியின் தாளைத் தூக்கிப் போன மாதத்தைப் பார்த்தார். விரலால் எண்ணவில்லை. ஒரு தடவை பார்த்ததே போதுமாக இருந்தது.

"அந்த மனுவுக்கு ஒரு மாதந்தான் தவணை" என்றார்.

பென்சிலைத் திருப்பி நீல முனையால் என் சிவப்புக் கோட்டின் மேலேயே கோடு போட்டார். அழுத்தமாக, இரண்டு தடவை. ரப்பரால் அழித்திருக்கலாம். அழிக்கவில்லை.

அன்றே என்னைக் கூட்டிக்கொண்டு இலாகாவுக்குப் போனார். முகப்பில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். மனுவைப் படித்தார், மறுபடியும் படித்தார். பிறகு தேதி முத்திரையை எடுத்துத் தாளின் மேல் பிடித்தார், குத்தவில்லை. "குத்தினால் இன்றைய தேதி விழும் சார். விழுந்தால் நானே நிராகரிக்க வேண்டும்" என்று மனுவை எங்கள் பக்கம் திருப்பித் தள்ளினார்.

மாடிப்படி இறங்கும்போது சார் கேட்டார்: "அந்தப் பிள்ளைக்கு என்ன வேணும் எண்டு சொன்னவ?"

"வேலை சார்."

"அது தெரியும். என்ன சொன்னவ?"

எனக்கு நினைவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றபடி கோப்பைப் பிரித்தேன். முதல் நாள் நான் கிறுக்கிய தாள் இருந்தது. முக்கால் பக்கம் எட்டாம் பிரிவு. கடைசியில் என் கையெழுத்திலேயே பாதி வரி: "தங்கம் ஆகாதென்றால் வேண்டுமானால்". அதோடு நின்றிருந்தது. அந்த இடத்தில்தான் நான் அவளை நிறுத்தியிருக்கிறேன்.

"நீர் போய்ச் சொல்லும். கடிதம் எழுதாதேயும். வாயால சொல்லும்" என்றார் சார்.

மறுநாள் கிள்ளானுக்குப் போனேன். வாழ்க்கையில் எத்தனையோ பேருக்குத் தீர்ப்பு என்னவென்று போய்ச் சொல்லியிருக்கிறேன். தோற்றது நான் என்று சொல்லப் போனது அது ஒரு தடவைதான். தனலெட்சுமி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்து வீடுகளின் துணி. தவணை என்று ஒன்று இருந்தது, அது எனக்குத் தெரியவில்லை, தெரியாமலே உனக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். கணவன் திட்டினான். அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அன்னைக்கி நான் ஒண்ணு சொல்ல வந்தேன். நீங்க சொல்லவே விடல."

"இப்ப சொல்லும்மா. கேக்கத்தான் வந்தேன்."

"தங்கத்தக் கழட்டி வச்சிட்டு, மஞ்சக் கெழங்கு கட்டிக்கறேன்னு சொன்னேண்ணே. எங்க வூட்ல நகை அடகுக் கடைக்குப் போற நேரமெல்லாம் அப்பிடித்தான கட்டுவோம். கெழங்குல ஏது இரும்பு? அது பொடி உதிரும்னு அந்த சூப்பர்வைசரம்மா சொல்லிடுச்சு. பிளாஸ்டர் ஒட்டிக்கறேன்னேன். அதுக்குள்ள வெளிய போன்னுட்டாங்க."

நம் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். என் அம்மா எத்தனை மாதம் அப்படிக் கட்டியிருக்கிறாள்! அதைக் கேட்காமல் நான் அவளுக்குச் சாசனம் படித்துக் காட்டியிருக்கிறேன்.

"அந்தக் கிழங்கு இருக்கா?"

கழுத்திலிருந்ததைக் காட்டினாள். அதைப் போலவே ஒன்றை, விரல்நுனி அளவுக் காய்ந்த கிழங்கை, வெள்ளைக் கயிற்றில் கட்டி, மருந்துக்கடைப் பிளாஸ்டரை மூன்று சுற்றுச் சுற்றித் தரச் சொன்னேன்.

தொழிற்சாலையில் ஆள் நிர்வாகம் பார்த்தவர் மிஸ்டர் லியோங் என்பவர். என்னை அரைநாள் வாசலில் உட்கார வைத்தார். உட்கார்ந்தேன். உள்ளே போனதும் என் இரண்டு கடிதத்தையும் மேசைமேல் விரித்தார். மலாயில்தான் பேசினோம்.

"நீ எழுதியதா? கவர்மெண்ட்டைத் திட்டுகிற மாதிரி எழுதியிருக்கிறாய். நான் கவர்மெண்ட் இல்லைலா."

"தெரியும் பாஸ். இப்போது தெரியும்."

"முதலில் நேரில் வந்து கேட்டிருந்தால் பேசியிருக்கலாம். இதை மேலிடத்துக்கு அனுப்பினேன். அவர்கள் பூட்டிவிட்டார்கள்."

"இன்றைக்குக் கேட்க வந்திருக்கிறேன் பாஸ். சட்டம் எதுவும் கொண்டு வரவில்லை." உண்மைதான். புத்தகத்தை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். "உங்கள் கையில் மோதிரம் இருக்கிறதே. அந்தப் பகுதிக்குள் எப்படிப் போவீர்கள்?"

"டேப் ஒட்டிக்கொண்டு போவேன்."

பிளாஸ்டர் சுற்றிய கிழங்கை அவர் முன்னால் வைத்தேன். தாலி என்றால் என்ன, தங்கம் இல்லாதபோது என்ன செய்வோம் என்று சொன்னேன். அவர் அதை எடுத்தார். ஒரு வெள்ளைத் தாளில் வைத்து அழுத்தித் தேய்த்தார். தாளைத் தூக்கிப் பார்த்தார். மஞ்சள் இல்லை. இன்னொரு தடவை தேய்த்தார். இல்லை.

"என் அம்மாவும் பச்சைக்கல் வளையலைக் கழற்றமாட்டாள்" என்றார், என்னிடம் என்றில்லாமல்.

வேலை கிடைத்தது. ஆனால் புது ஆளாக. பழைய எண் ரத்தாகிவிட்டது, அதை எழுப்ப யாராலும் முடியாது என்றார். சட்டக் கதவு திறந்திருந்த மாதத்தில் மனுக் கொடுத்திருந்தால் அந்த ஆறு வருடத்தையும் கேட்டிருக்கலாம். இப்போது கேட்க எங்களுக்கு உரிமை இல்லை. அவர் கொடுத்தது இரக்கம்.

தனலெட்சுமியிடம் சொன்னபோது, "புது ஆளாவா?" என்றாள். பிறகு, "எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?" என்றாள்.

அதற்குப் பிறகுதான் நிறங்களின் அர்த்தத்தைக் கதிரவேலு சாரிடம் கேட்டேன். வேலைக்கு வந்து இத்தனை வருடம் கழித்து, அவர் எதிரில் நின்று, தெரியாது என்று சொல்லி. அவர் சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவர் எதிரில் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

எண்பதுகளில் எனக்கே ஒரு வீடு வாடகைக்குத் தேவைப்பட்டது. போனில் பெயரைச் சொன்னதும், வீடு வேறொருவருக்குப் போய்விட்டது என்றார் வீட்டுக்காரர். அடுத்த வாரமும் அதே விளம்பரம் பத்திரிகையில் வந்தது. புத்தகத்தை நான் தொடவில்லை. அரசாங்கக் குடியிருப்பில் அப்படிச் சொல்லியிருந்தால் எழுந்து நின்றிருப்பேன். ஒரு மனிதன் தன் கதவைச் சாத்தும்போது பிடிக்க அந்தப் புத்தகத்தில் கை இல்லை. அது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். வேறு சட்டம் எழுதினால்தான் உண்டு.

தனலெட்சுமி அங்கேயே வேலை பார்த்தாள். எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். "அண்ணே, கம்பெனியில சுவர்க் கடிகாரம் குடுத்திருக்காங்க. வந்து பாருங்க."

போனேன். கணவன் கைத்தடியோடு நடந்து வந்து கதவைத் திறந்தான். கடிகாரத்தைக் கூடத்தில் மாட்டியிருந்தார்கள். அடியில் பித்தளைத் தகடு. நீண்டகாலச் சேவைக்கு என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் எத்தனை வருடம் என்று பொறித்திருந்தார்கள். அந்த எண்ணின் மேல் ஒரு துண்டுப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. கிழங்குக்குச் சுற்றுவாளே, அதே வெள்ளைப் பிளாஸ்டர். அதன் மேல் பேனாவால் பதினாறு என்று எழுதியிருந்தது.

"அடியில பத்துன்னு இருக்குண்ணே" என்றாள். "நீங்க தொலைச்ச ஆறையும் நானே ஒட்டிக்கிட்டேன். வேலை செஞ்சது நான்தான?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கணவனும் சிரித்தான். காப்பி கலக்கப் போனாள். நான் அந்தக் கடிகாரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பிளாஸ்டரின் ஒரு ஓரம் தூக்கியிருந்தது; விரலால் அழுத்தி ஒட்டினேன்.

பிரேமா, அந்தக் கோப்பை வைக்கிற பெட்டியில் போடம்மா.